பேரு சொன்னாத்தானுங்க வம்பு

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. "பேரு சொன்னாத்தானுங்க வம்பு" என்பது அவர் வாயில் ஒரு நாளைக்கு நாலு தடவையாவது வரும் பேச்சு. அப்படிச் சொன்னவரைப் பற்றி எழுத உட்கார்ந்து முதல் வரியிலேயே பெயரைப் போட்டால் அவரிடம் திட்டு வாங்க வேண்டியிருக்கும். திட்டுவதற்கு அவர் இல்லை என்பதால் நான் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். தெருவில் எல்லாருக்கும் அவர் செக்ரட்டரி அக்கா. எங்கள் வார்டு பெண்களின் அயல்கூட்டம் என்கிற சுய உதவிக் குழுவுக்கு ஒன்பது வருடம் அவர்தான் செக்ரட்டரி. எனக்கு வெறும் அக்கா.

எல்லையோரக் கோபாலபுரம் பள்ளிக்கூடத்துத் தமிழ்ப் பிரிவுக்குக் கம்ப்யூட்டர் டீச்சராக நான் மாற்றலாகி வந்தபோது அவர் வீட்டுக்குப் பக்கத்து வீடுதான் வாடகைக்குக் கிடைத்தது. நடுவில் இடுப்பளவு மதில். அவர் வீட்டுக்குப் பின்னால் ஒரு வாய்க்கால், அதற்கு இந்தப் பக்கம் மலையாள நாடு, அந்தப் பக்கம் தமிழ்நாடு. வாய்க்காலின் மேல் ஒரு கல் பலகை போட்டிருக்கும். அதைத் தாண்டினால் முதல் வீடு அக்காவின் தம்பியுடையது. அடுப்பில் எண்ணெய் காய்வதற்குள் போய்க் கறிவேப்பிலை பறித்து வந்துவிடலாம், அவ்வளவு பக்கம். ஆனால் கரண்ட் வேறு. இங்கே போனால் அங்கே எரியும், அங்கே போனால் இங்கே எரியும்.

நான் வந்தபோதே அந்தப் பலகையை நாலு வருடமாக யாரும் தாண்டுவதில்லை என்று தெரு எனக்குச் சொன்னது. அக்காவின் ஒரே மகள் கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயர் விட்டுப் போயிற்று. அச்சுக்குப் போகும் முன் படித்துப் பார்த்து, சரியென்று கையெழுத்துப் போட்டவர் அக்காவின் கணவர். நான் அவரை அண்ணா என்று கூப்பிடுவேன். வேண்டுமென்று விட்டதில்லை. பெரியப்பா, சித்தப்பா, பங்காளி என்று நாற்பது பெயருக்கு நடுவே அந்த ஒரு பெயர் கண்ணில் படவில்லை. பத்திரிகை ஊரெல்லாம் போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. எங்கள் பக்கத்தில் மாமன் பெயர் இல்லாத பத்திரிகை என்றால் அது மாமனை வாசலில் நிறுத்தியதற்குச் சமம். தம்பி கல்யாணத்துக்கு வரவில்லை. மாமன் சீர் வரவில்லை. மாமன் நிற்க வேண்டிய இடத்தில் தூரத்துச் சொந்தம் ஒருவரைப் பிடித்து நிறுத்தினார்கள். சபையில் தலைகுனிந்து நின்ற அண்ணா அன்றைக்கே சொல்லிவிட்டார்: "அந்த ஊட்டுத் தண்ணிகூட இனி இந்த ஊட்டுக்குள்ள வரப்படாது."

அக்கா எதற்கும் எதிர்த்துப் பேசுகிறவரில்லை. செய்கிறதைச் செய்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எனக்கு அங்கே சாப்பாடு. அண்ணா முருங்கைக்காய்க் குழம்பை ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"எங்க வாங்குன? நெம்ப நாளாச்சு இப்படிச் சதப்பத்தாத் தின்னு."

"சந்தையிலதானுங்க" என்றார் அக்கா.

காலையில் துணி காயப்போடும்போது அந்த முருங்கைக்காய்க் கட்டு கல் பலகையின் மேல் கிடந்ததை நான் பார்த்திருந்தேன். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. கை கழுவப் போன இடத்தில் மெதுவாகச் சொன்னார்: "பேரு சொன்னாத்தானுங்க வம்பு டீச்சர். முருங்கக்காய்ல பேரா எழுதியிருக்குது?"

அதேபோல இங்கிருந்தும் ஒரு தூக்குப்போசி நிறையக் குழம்பு போகும். யாருக்கு என்று அண்ணா கேட்டால், "ஆடு மேய்க்கற அம்மாவுக்குங்க" என்பார். ஆறு வருடத்தில் அந்த வாய்க்கால் ஓரம் ஒரு ஆட்டைக்கூட நான் பார்த்ததில்லை.

உண்மையைச் சொன்னால் இது எனக்குப் பிடிக்கவில்லை. தப்பென்றால் தப்பு, உடைத்துப் பேசித் தீர்த்துவிட வேண்டும் என்கிற கட்சி நான். இத்தனை ஒளிவுமறைவு எதற்கு, ஒருநாள் இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசக்கூடாதா என்று கேட்டிருக்கிறேன். "பேசுனா ரெண்டு பேரும் செயிக்கப் பாப்பாங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டார்.

பிரிண்டர் வந்தது மகளால். மஸ்கட்டிலிருந்து லீவுக்கு வந்தவள், அம்மா அயல்கூட்டத்து வேலைக்காக ஒவ்வொரு தாளுக்கும் பஸ் ஏறிப் போகிறாளே என்று ஒயர் இல்லாத பிரிண்டர் ஒன்றை வாங்கி, பின்பக்கத்து ஜன்னலோர மேசையில் வைத்துவிட்டுப் போனாள். விண்ணப்பத்தை எங்கள் ஊரில் அபேட்சை என்றுதான் சொல்வோம். அபேட்சைப் பாரமெல்லாம் மலையாளத்தில் இருக்கும். எங்கள் தெருப் பெண்களில் முக்கால்வாசிப் பேருக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. அக்கா பத்தாவது வரை மலையாளப் பள்ளிக்கூடம். பாரத்தைப் பிரிண்ட் எடுத்து, வரிவரியாகத் தமிழில் சொல்லி, நிரப்பிக் கையெழுத்து வாங்கிக் கொடுப்பார். யாரையும் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பத் தெரியாத மனுஷி. அப்படிப்பட்டவருக்குப் போய் இந்தப் பிரிண்டர் வாய்த்தது.

வாரத்துக்கு இரண்டு தடவை மதிலுக்கு மேலாகக் குரல் வரும். "ஏனுங் டீச்சர், இது மறுக்காவும் மொகத்தத் திருப்பிக்கிச்சுங்."

போய்ப் பார்த்தால் பிரிண்டரில் விளக்கு எரியும், தாள் இருக்கும், மை இருக்கும். கம்ப்யூட்டரில் மட்டும் 'ஆஃப்லைன்' என்று காட்டும். எனக்கு ஒரு கெட்ட குணம். ஒரு சாதனம் என்னைத் தோற்கடித்தால் அன்றைக்கு யாரிடமும் நல்லபடியாகப் பேச வராது. அணைத்துப் போட்டேன், சரியாயிற்று, மூன்றாம் நாள் திரும்ப நின்றது. பிரிண்டரை முழுக்க நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்த்தேன். நெட் பெட்டிக்குள் போய் இந்தப் பிரிண்டருக்கு இந்த எண்தான் என்று நிரந்தரமாக ஒதுக்கி வைத்தேன். வீட்டு பிரிண்டர் விஷயத்தில் அதோடு முக்கால்வாசித் தொல்லை ஒழியும். இங்கே ஒழியவில்லை.

"ஏதாவது மாத்துனீங்களா அக்கா?"

"நான் ஒன்னுந் தொடலீங்."

காற்றடி காலத்தில்தான் அதிகம் நிற்கிறது, அதுவும் கரண்ட் போய் வந்த பிறகுதான் என்பது மட்டும் புரிந்தது. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தது. விளக்கு, விசிறி, பிரிண்டர் இருக்கும் மேசை எல்லாம் அதில் ஓடும். நெட் பெட்டி மட்டும் டிவிக்குப் பின்னால் வேறு பிளக்கில். கரண்ட் போனால் அது செத்துவிடும். அதையும் இன்வெர்ட்டரில் சேர்த்துவிடுங்கள் என்று அண்ணாவிடம் சொன்னேன்.

"பாக்கலாமுங்க டீச்சரம்மா. ஒயர் தீந்துபோச்சு."

அடுத்த மாதம் கேட்டேன். "செவுத்த ஒடைக்கோணுமுங்க." அதற்கடுத்த மாதம், "வெயில் தாளட்டுமுங்க." ஊரில் பாதித் தோப்புக்கு மோட்டார் ஒயரிங் செய்து கொடுத்த மனிதர், சொந்த வீட்டில் ஒரு முழ ஒயர் இழுக்க இத்தனை சாக்குச் சொல்கிறாரே என்று எனக்கு எரிச்சலாக வரும். சோம்பேறித்தனம் என்று முடிவு கட்டிவிட்டேன்.

அன்றைக்கு ஒரு அபேட்சைக்குக் கடைசி நாள். ஐந்து பெண்கள் வாசலில் காத்திருந்தார்கள். வில்லேஜ் ஆபீஸ் அடைப்பதற்குள் போய்ச் சேர வேண்டும். மத்தியானம் கரண்ட் போய் அப்போதுதான் வந்திருந்தது. பிரிண்டர் வழக்கம்போல ஆஃப்லைன். எனக்கு வெறி பிடித்தாற்போல் ஆகிவிட்டது. கம்ப்யூட்டரை விட்டுவிட்டு, பிரிண்டரிலேயே ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தேன். அப்படிப் பிடித்தால் தான் எந்த நெட்டில் இருக்கிறோம் என்ற விவரத்தை அதுவே ஒரு தாளில் அடித்துக் கொடுக்கும். இத்தனை நாள் அதை ஏன் செய்யவில்லை என்று கேட்காதீர்கள். கர்வம்தான்.

தாள் வந்தது. நெட்டின் பெயர் சரியாக இருந்தது, இந்த வீட்டுப் பெயர்தான். ஆனால் அதில் அச்சாகியிருந்த எண் நான் ஒதுக்கிய எண் இல்லை. இந்த வீட்டுப் பெட்டி கொடுக்கக்கூடிய எண்ணே இல்லை. அப்படியென்றால் இதே பெயரில், இதே பாஸ்வேர்டோடு, இன்னொரு பெட்டி பக்கத்தில் எங்கோ இருக்கிறது. ஒரே பெயரில் இரண்டு இருந்தாலும் போனில் ஒன்றாகத்தான் தெரியும், அதனால் எனக்கு இதுவரை தட்டுப்படவில்லை. கரண்ட் போனால் போன், பிரிண்டர் எல்லாம் அந்தப் பெட்டிக்குப் போய்விடுகின்றன. கரண்ட் வந்ததும் கம்ப்யூட்டர் இந்தப் பெட்டியைப் பிடிக்கிறது, பிரிண்டர் மட்டும் அங்கேயே உட்கார்ந்துகொள்கிறது.

தலையை நிமிர்த்தினேன். மேசைக்கு எதிரே ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே வாய்க்கால். அதற்கு அப்பால் தம்பி வீட்டு ஜன்னல் விளிம்பில் ஒரு கருப்புப் பெட்டியில் பச்சை விளக்குகள் மினுக்கிக்கொண்டிருந்தன.

கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் வாய் முந்திக்கொண்டது. "அக்கா, இது நம்ம பெட்டியே இல்ல! பக்கத்துல..."

அண்ணா அதே அறையில் கட்டிலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அக்கா சமையலறை வாசலில் டீத் தட்டோடு நின்றார். தலையை ஆட்டவில்லை, கண்ணைக் காட்டவில்லை. குனிந்து தட்டைத் தரையில் வைத்தார், அவ்வளவுதான். எப்போதும் எதையாவது ஒன்றை மூடி வைத்திருக்கும் அந்த முகத்தில் அன்றைக்கு மூடுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. நான் அடுத்த வார்த்தையைச் சொன்னால் அவருக்குப் பிறந்த வீடு இல்லை என்று எனக்கு அப்போது புரிந்தது.

"...பக்கத்துல எங்கியோ இடி விழுந்திருக்கும்" என்றேன். "அதுல இதோட போர்டு லேசாக் கெட்டிருக்கு. இனிமே கரண்ட் வந்ததும் இத அணைச்சுட்டு, இருபது வரைக்கும் எண்ணிட்டுப் போடுங்க. சரியாயிடும்."

பதினேழு வருடம் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுத்தவள் வாயிலிருந்து வந்த படுமோசமான பொய் அது. அண்ணா பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல் பக்கத்தைத் திருப்பினார். "அப்படியே பண்ணிரலாமுங்க" என்றார். ஐந்து பெண்களும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

மறுநாள் மதிலோரம் அக்காவே சொன்னார். சாயங்காலம் நாலு மணிக்கு மஸ்கட்டிலிருந்து பேரன் போனில் முகம் காட்டுவான். காற்றுக் காலத்தில் அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போகும்.

"பேரன் மொகம் பாதியில நின்னு போச்சுன்னா மனுசன் ராத்திரி சோறு உங்கறதில்லீங்க டீச்சர். அதுக்குத்தான் தம்பிகிட்டச் சொல்லி, அவன் பொட்டிக்கும் எங்க பேரையே வெக்கச் சொன்னனுங். அவனும் ஒன்னுங் கேக்காம மாத்திட்டான்."

"அண்ணாவுக்குத் தெரிஞ்சா?"

"அறுத்துப் போடுவாருங். அறுத்துப் போட்டுட்டு அவரேதான் அழுவாரு." வாய்க்கால் பக்கம் பார்த்துச் சொன்னார்: "தண்ணி வரப்படாதுன்னுதானுங்க சொன்னாரு. இது தண்ணியில்லீங்களே."

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். உடைத்துப் பேச வேண்டும் என்கிற என் கட்சியை அன்றைக்கு மூட்டை கட்டி வைத்தேன்.

அதற்குப் பிறகு எங்கள் தெருவில் கரண்ட் வந்துவிட்டது என்று நான் தெரிந்துகொண்டது அக்காவின் குரலை வைத்துத்தான். பிரிண்டரை அணைத்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் படித்தபடி மலையாளத்தில் சத்தமாக எண்ணுவார். "ஒந்நு, ரண்டு, மூந்நு..." ஒருநாள்கூடப் பதினெட்டில் நிறுத்தியதில்லை.

அடுத்த வருடம் காற்று தொடங்கும் முன்பே அவர் போய்விட்டார். நெஞ்சை அடைக்கிறது என்பதை வாரக்கணக்கில் யாரிடமும் சொல்லவில்லை. முகம் வாடியிருக்கிறதே என்று கேட்டவர்களுக்கெல்லாம் வாயு என்று சொல்லியிருக்கிறார். எனக்கும் அதையேதான் சொன்னார், நானும் நம்பினேன். 'நான் ஒன்னுந் தொடலீங்' என்று அவர் சொன்னதை நம்பி எத்தனை மாதம் ஏமாந்தவள், இதையும் நம்பியிருக்கக் கூடாது. அவர்மேல் அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. என்மேலும்தான்.

அவர் போன அன்றைக்குப் பிறந்த வீட்டுக் கோடிப் புடவைக்காக எல்லாரும் காத்திருந்தார்கள். தம்பி வருவானா மாட்டானா என்று பெண்கள் காதோடு காதாகப் பேசிக்கொண்டார்கள். பின்பக்கமாக, கல் பலகை வழியாகவே அவர் வந்தார், கையில் புடவை. இத்தனை வருடமாக யாரும் தாண்டாத பலகை. அக்காவின் மேல் கோடியைப் போர்த்திவிட்டுக் கால்மாட்டில் கொஞ்ச நேரம் நின்றார். அண்ணா தூணில் சாய்ந்து நின்றிருந்தார். இரண்டு பேருக்கும் நடுவில் பத்தடிகூட இல்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. வந்த வழியே தம்பி போய்விட்டார்.

கோடை மழையில் ஒருநாள் இடி இறங்கி, தம்பி வீட்டு நெட் பெட்டி போய்விட்டதாம். நான் சொன்ன பொய் அங்கே நிஜமாயிற்று. புதுப் பெட்டி வைத்தார்கள். அதற்குப் பழைய பெயரை வைக்கச் சொல்ல ஆளில்லை. என் போனில் ஏதோ எழுத்தும் எண்ணுமாகப் புதுப் பெயர் ஒன்று தெரிய ஆரம்பித்தது.

அடுத்த மாதம் ஒரு சாயங்காலம் அண்ணா என் வீட்டுக் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். அதற்கு முன் அவர் என் வீட்டுக்குள் வந்ததே இல்லை. நாற்காலி போட்டும் விளிம்பில்தான் உட்கார்ந்தார்.

"பிரிண்டரு இப்ப நிக்கறதே இல்லீங்க டீச்சரம்மா."

"நல்லதுதானேண்ணா."

"நல்லதுங்களா?" என்றார். துண்டை மடித்தார், பிரித்தார். "கரண்டு போனா இப்பப் பேரன் மொகமும் போயிருதுங்க. முன்ன போகாது."

நான் தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"அவ உங்ககிட்டச் சொல்லியிருப்பா. எனக்குத் தெரியாதுன்னுதான் கடைசி வரைக்கும் நெனச்சிட்டிருந்தா. எங்க ஊட்டுப் பொட்டி இன்வெர்ட்டர்ல இல்லைன்னு எனக்குத் தெரியாதுங்களா? எங்க ஊட்டுக்கு ஒயர் இழுத்தவன் நானு. கரண்டு இல்லாதப்ப நெட்டு எங்கிருந்து வருமுங்க?"

"அப்ப ஏண்ணா ஒன்னும் சொல்லல?"

"சொன்னா அறுக்கோணுமே. நாலு பேரு முன்னால அப்படிப் பேசிப்போட்டனுங்களே." என்னை நேராகப் பார்த்தார். "நீங்க பொட்டிய இன்வெர்ட்டர்ல சேக்கச் சொன்னீங்க. சேத்தியிருந்தா அந்தப் பக்கத்து நெட்டுக்கு வேலையே இருந்திருக்காதுங்களே. அதுக்குத்தான் தட்டிக் கழிச்சனுங்க. முருங்கக்காய் எந்த மரத்துதுன்னு நாக்குக்குத் தெரியாதுங்களா, டீச்சரம்மா?"

நான் சோம்பேறி என்று எழுதி வைத்திருந்த மனிதர் என் முன்னால் உட்கார்ந்து அழாமல் இருக்கப் பாடுபட்டார். எனக்குத்தான் முடியவில்லை.

"அத பழையபடி பண்ணிக் குடுக்க முடியுங்களா?" என்றார்.

அதை இந்த வீட்டிலிருந்து செய்ய முடியாது என்று விளக்கினேன். அந்த வீட்டுப் புதுப் பெட்டிக்குத்தான் இந்த வீட்டுப் பெயரை வைக்க வேண்டும். அவர்கள் சம்மதிக்க வேண்டும். "நான் போய்ச் சொல்லட்டுமாண்ணா?"

துண்டை உதறித் தோளில் போட்டார்.

"வேண்டாமுங்க. அவன் பேர உட்டவன் நானு. நானே போய்க் கேக்கறேன்."

எழுந்து போனார். என் பின்வாசலிலிருந்து பார்த்தேன். கல் பலகைக்கு இந்தப் பக்கம் செருப்பைக் கழற்றி வைத்தார். தாண்டினாரா, திரும்பினாரா என்று நின்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை, உள்ளே வந்துவிட்டேன். மறுநாளும் மதிலுக்கு அப்பால் ஒரு சத்தமும் இல்லை. நானும் போய்க் கேட்கவில்லை.

எட்டாம் நாள் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது போன் வந்தது. அண்ணா.

"டீச்சரம்மா, பிரிண்டரு நின்னு போச்சுங்க."

"அணைச்சுட்டு இருபது வரைக்கும் எண்ணுங்கண்ணா" என்றேன்.

"சரி பண்றதுக்கு இல்லீங்க" என்றார். "உங்ககிட்டச் சொல்லோணும்னு தோணுச்சு. அதுக்குத்தான் கூப்புட்டனுங்க."